பலகையில் எர்மெலிண்டாவின் முகம்

அம்மா,

முதலில் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். முழங்கால் வீக்கம் வடிந்ததா? தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறானா? நான் சௌக்கியம். லீமாவில் பனிமூட்டம்தான் கொஞ்சம் அதிகம்.

சோள அடைக் கடை நன்றாகப் போகிறது. முதலில் நம் ஊர் மரக்கைபோவின் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை வைத்திருந்தேன் அல்லவா? அப்போது வருகிறவர்கள் என் வெனிசுவேலாப் பேச்சைக் கேட்டதும் நழுவிவிடுவார்கள். ஒரு அம்மாள் நேராகவே சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதம்மா, உங்க ஊர்க்காரங்கன்னாலே பயமா இருக்கு."

பக்கத்துப் பழச்சாறுக் கடை எர்மெலிண்டா அக்கா லீமாவிலேயே பிறந்த பெரு நாட்டுக்காரி. அவள்தான் வழி சொன்னாள். "ஊர்ப் பேர அழிச்சிட்டு என் மூஞ்சியப் போடுடி. என் கடையோட சேத்து உன் கல்லாவுலயும் நான் உக்காந்துக்கறேன். நீ உள்ள சோள அடை சுடு, வாய மட்டும் தொறக்காத."

அப்படியே செய்தோம். இப்போது வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அதே மாவு, அதே கை. சிரிப்பாக இல்லை?

நேற்று, பயமென்று சொன்ன அதே அம்மாள் அடுக்களைச் சன்னலில் எட்டிப் பார்த்தாள். தலைத்துணியும் மாவுமாக இருந்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "என்ன ருசிடி பொண்ணே! யாருகிட்ட கத்துக்கிட்ட?"

'எங்க அம்மாகிட்ட' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பேசினால் ஊர் தெரிந்துவிடும். கல்லாவில் இருந்த அக்காவைக் கைகாட்டிச் சிரித்தேன். நான் ஊமை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "ஐயோ பாவம்" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

அக்கா கூப்பிடுகிறாள், அடை தீர்ந்துவிட்டதாம். ஞாயிறு மாலை போனுக்குச் சார்ஜ் போட்டு வையுங்கள், கூப்பிடுகிறேன். விசேஷம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள் அம்மா, நான் பேசுகிறேன்.

உங்கள் மகள்,
யூலெய்சி