பேச்சியக்காவைப் பற்றி நான் எழுதிய சாட்சி

என் செல்ல எஸ்தர் அக்காவுக்கு,

நீ கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் முடியப் போகிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரல் நிற்கவே இல்லை. நாம் இருந்த அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியைக் கேட்டால் உனக்குக் குமட்டும்.

மிஷன் ஆபீஸ் அச்சடிக்கும் ஜெபக் கடிதத்துக்கு யார் மனந்திரும்பினார் என்று மாதம் ஒரு சாட்சி எழுத வேண்டுமே, அதை நீ எழுதும் அழகே தனி. "இம்மாதம் யாரும் மனந்திரும்பவில்லை. பேச்சியம்மாளின் கால் புண் ஆறி வருகிறது." ஆபீசில் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவார்கள்.

அருவிக்கரையில் பழக்கடை வைத்திருக்கும் பேச்சியக்கா, நீ கட்டுப்போட்டு விட்டபோதெல்லாம் நெற்றி நிறையத் திருநீறோடுதான் வருவாள். நீ அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. காலில் புண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பவளிடம் பிரசங்கம் பண்ணுவது ஈனத்தனம் என்பாய்.

நீ போனபின் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் சாட்சி இல்லை. ஆபீஸ் அண்ணன் போன் போட்டார். "என்ன சிஸ்டர், ஒரு ஆத்துமா கூடவா கெடைக்கல? ஜெபிக்கிறவங்களுக்கு நாங்க என்னத்தச் சொல்லுதது?"

எழுதினேன் அக்கா. "பேய்களை வணங்கி இருளில் கிடந்த பேச்சியம்மாள், இன்று விடுதலை பெற்றாள்." போட்டோவும் அனுப்பினேன். ஆபீசில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அத்தனையும் என் கை எழுதியது. நம் ஜனங்கள்தானே படிப்பார்கள் என்று நினைத்தேன். என்ன ஒரு கேவலமான நினைப்பு!

தென்காசியில் யாரோ அதை வாட்ஸ்அப்பில் போட்டு, அவள் தெரு வரைக்கும் போய்விட்டது. மதம் மாறிவிட்டாள், அதனால் இந்த ஆடிக் கொடைத் திருவிழாவில் அவள் அம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கூடாது என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு கொடைகூடத் தவறாதவள். நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, நான் எப்பம்மா பேயக் கும்பிட்டேன்? ஒங்கக்கா எங்கால மடியில வச்சுல்லா கட்டுப் போட்டா. அவ சொகமில்லாமக் கெடக்கையில, அவளுக்காவ எங்கம்மன்ட்டதான வேண்டுனேன். அதுவா பேயி?"

உனக்காக அவள் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியுமா?

ஆபீசுக்கு நடந்ததைச் சொன்னேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "அருமையான சாட்சியாச்சே சிஸ்டர்! விசுவாசத்துக்காவ பாடுபடுதாங்கன்னு அடுத்த மாசம் போட்டுருவோம்." அருவருப்பில் போனைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அவர்மேல் மட்டும் வந்த அருவருப்பில்லை அது. அந்த மனுஷனுக்கு அப்படிப் பேசப் பழக்கிவிட்டது என்னைப் போன்றவர்கள்தானே? இப்போது யாராவது என்னை மிஷனரி என்றால் உடம்பு கூசுகிறது. நீயும் மிஷனரிதான், நானும் மிஷனரிதான் என்று ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?

வருகிற செவ்வாய் கொடை. விடிந்ததும் அந்தக் கோயில் வாசலுக்குப் போய், எல்லோர் முன்னாலும், நான் எழுதியது பொய் என்று சொல்லப் போகிறேன். திட்டுவார்கள். மிஷனிலிருந்தும் என்னை எடுத்துவிடுவார்கள். "நீ சொன்னா நம்பிருவாவளாக்கும்" என்கிறாள் பேச்சியக்கா. நம்பாமலும் போகலாம்.

சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதம் சொல்கிறது. அதனால் பண்ணவில்லை. அவள் பொங்கலுக்கு அடுப்பு மூட்டும் வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும் தங்கை,
ரூத்