உன் பெயர் பொறித்த வலக்கைக் கத்தி

அன்பு மகள் மிட்சுயோவுக்கு அம்மா யோனே எழுதுவது. இங்கே மழை விட்டு வெயில் ஏறிவிட்டது, என் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாம் சுகம், குஷிரோவில் நீங்கள் மூன்று பேரும் கடல் மூடுபனியில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று எழுது. மே மாதம் கொல்லர் இவாசேயின் பட்டறையில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று பிறகு நீ சொல்லக்கூடாது. இவாசே, நீ, மாப்பிள்ளை கென்ஜிரோ, பேத்தி சாயோ, உன் மாமியார், நான். ஆறு பேர். நான்கு வகுப்புதான் படித்தேன் என்றாலும் எனக்கு எதுவும் மறக்காது.

எய்ஹெய்ஜி கோயிலைக் கும்பிட வேண்டும் என்று சொல்லித்தான் உன் மாமியார் உங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். கோயிலை அரை மணியில் பார்த்து முடித்தவள் பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். நீ மீன்கடையில் நாள் முழுக்க சால்மன் வெட்டுகிறாய், அதுவும் ஏதோ தொழிற்சாலைக் கத்தியால் என்று கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கத்தி அடிக்கிற ஊரில் பிறந்த பெண்ணுக்கு இந்தக் கதியா என்று புத்தாண்டு முடிந்ததும் முதல் வேலையாக இவாசேயிடம் போய், மீன் வெட்டுகிற தடித்த தேபாக் கத்தி ஒன்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு அவர் அதை வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். உளியால் உன் பெயரைப் பொறித்திருந்தார். முனையை ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார், அலை தெரிந்தால் வாங்கக்கூடாது, கைக்கு முன்பாரம் கொஞ்சம் கூட இருக்க வேண்டும், கத்தி தானாக மீனில் இறங்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல நீ வலக்கையில் வாங்கிப் பார்த்தாய். நல்லா இருக்கு என்றாய். மாமியார் வீட்டுக் குழம்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாய்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். சம்பந்தியம்மா, கத்தி அருமையா இருக்கு, ஆனா இது வலக்கைக்காரங்க கத்தியாச்சே, நம்ம பொண்ணு இடக்கைக்காரியில்லையா என்றாள். நம்ம பொண்ணாம். என் பொண்ணு வலக்கையிலதான் சாப்பிடுவா, வலக்கையிலதான் எழுதுவா, நாலு வயசுலயே திருத்தியாச்சு என்றேன். அவள் சிரித்தாள். சாப்பிடுறதும் எழுதுறதும் சரிம்மா, சால்மன் தலையை எந்தக் கையால எடுக்குறான்னு எங்க கடைக்கு வந்து பாருங்க, யாரும் பாக்காதப்ப இடக்கையில மாத்திக்குவா, கல்யாணமான மூணாம் மாசமே கண்டுபிடிச்சிட்டேன், ஏண்டி ஒளிக்கிற, உன் கை உன்னோடதுதானேன்னு கேட்டேன் என்றாள். மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த அரிவாள்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். இவாசே உள்ளே போய் இன்னொரு பொட்டலம் கொண்டுவந்தார். குஷிரோ மீன்கடை பெயரில் கடிதம் போட்டு நான் சொல்லிவைத்த அதே மாதம் அவளும் ஒரு தேபா சொல்லியிருக்கிறாள், இடக்கைக்கு. இரண்டும் ஒரே பெண்ணுக்கு என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்.

நீ அதை இடக்கையில் எடுத்தாய். உன் தோள் இறங்கிய விதத்தை நான் பார்த்தேன். அம்மா, இங்க பாருங்களேன், கையிலேயே ஒட்டிக்குது என்றாய். நானும் திரும்பினேன், அவளும் திரும்பினாள். நீ பார்த்தது அவளை. மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும், நானும் என் மாமியாரை அப்படித்தான் கூப்பிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். நீ பல்லைக் கடிக்கவில்லை.

நீங்கள் ஊருக்குப் போன நாலாம் நாள் அரிசிப்பெட்டிக்குப் பின்னால் என் கத்தி கிடைத்தது. நீ கிளம்பிய அன்றைய செய்தித்தாளில் சுற்றியிருந்தாய். இவ்வளவு நாள் கடிதம் போடாததற்கு அதுதான் காரணம், முழங்கால் இல்லை. ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு இவாசேயிடம் போய், இதை இடக்கைக்கு மாற்றித் தீட்டிக் கொடு என்றேன். யோனே அக்கா, இது என்ன மீனா, மறுபக்கம் திருப்பிப் போட்டுச் சுட, எஃகு ஒரு பக்கம்தான் இருக்கு, அந்தப் பக்கம் வெறும் இரும்பு, திருப்பித் தீட்டினா வெண்ணெய்கூட வெட்டாது என்றார். முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்று சண்டைக்குப் போனேன். கேட்டேனே அக்கா, எந்தக் கைன்னு எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரி உங்ககிட்டயும் கேட்டேன், இது என்ன கேள்வி, என் பொண்ணு என்ன நொண்டியான்னு திட்டிட்டுப் போனீங்க என்றார். அப்படித்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கத்தியை இடக்கையில் பிடித்து ஒரு கானாங்கெளுத்தியை வெட்டிப் பார்த்தேன். கைப்பிடியில் ஒரு பக்கம் இருக்கிற மேடு உள்ளங்கையை உறுத்துகிறது, கத்தி தானாகச் சரிந்து போகிறது, பாதி சதை முள்ளோடு நின்றுவிட்டது. ஏழு வயதிலிருந்து கல்யாணம் வரை இதே சமையலறையில் நீ அப்படித்தான் வெட்டினாய். நான் பார்க்கும்போது வராத கையால், பார்க்காதபோது ஒவ்வாத கத்தியால். முள்ளில் பாதி மீனை விட்டுட்டே, கொல்லர் ஊர்ல பொறந்தும் கத்தி பிடிக்கத் தெரியலன்னு விருந்தாளிகள் முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உன் இடக்கையைத் துண்டால் இடுப்போடு கட்டித்தான் சோறு போட்டேன், இடக்கைப் பெண்ணை யாரும் மருமகளாக எடுக்கமாட்டார்கள் என்று என் மாமியார் சொன்னாள், ஊரே சொன்னது. ஒருத்தி எடுத்துக்கொண்டாளே, கூடவே கத்தியும் வாங்கிக் கொடுத்தாளே.

வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா. அதைப் பேண துறைமுகத்தில் பிறந்தவளுக்கு என்ன தெரியும். இது சீக்கிரம் துருப்பிடிக்கிற எஃகு, அதுவும் உங்கள் ஊர் உப்புக்காற்றில். வாடிக்கையாளரோடு பேசப் போகும்போது ஈரப் பலகைமேல் போட்டுவிட்டுப் போகாதே, ஒவ்வொரு மீனுக்கும் துடை. வேலை முடிந்ததும் சுடுநீர் ஊற்றி, காய்ந்த துணியால் கைப்பிடி சேருகிற இடம் வரை துடை. உறைந்த மீனில் வைக்காதே, விளிம்பு உடையும். தலை எலும்புக்குக் கத்தியில் கைப்பிடியை ஒட்டிய அடிப்பக்கத்தை வைத்து அழுத்து, முறுக்காதே. கருப்புக் கறை படிந்தால் பயமில்லை, சிவப்பாகத் துரு வந்தால் முள்ளங்கித் துண்டில் பாத்திரம் தேய்க்கிற பொடியைத் தொட்டுத் தேய். தீட்டுவதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது, எனக்குத் தெரிந்ததெல்லாம் வலக்கைத் தீட்டல். அதனால் அலமாரிக் கண்ணாடி முன்னால் தொட்டியையும் கல்லையும் வைத்து என் கத்தியைத் தீட்டி, கண்ணாடியில் இருந்தவள் செய்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், மூன்று நாள் ஆயிற்று. குமிழி நிற்கும்வரை கல்லை நீரில் ஊறப்போடு. கைப்பிடி இடக்கையில், வலக்கையின் மூன்று விரல் கத்திமேல். சரிந்த முகத்தை முழுசாகக் கல்லில் படியவிட்டுத் தேய், பின்பக்கம் விரலில் சின்னப் பிசிறு தட்டுப்படும். பிறகு பின்பக்கத்தைத் தட்டையாக வைத்து மெல்ல இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவுதான், கொஞ்சமும் தூக்காதே, தூக்கினால் கத்தி போயிற்று. ஓய்வு நாளில் காமெலியா எண்ணெய் தடவி வை. அவள் வாங்கினது இருக்கட்டும், தீட்டுவது நான் சொன்னபடிதான் இருக்க வேண்டும், அவள் கையில் கல்லைக் கொடுக்காதே.

பெயர் பொறித்ததை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, நானே வைத்துக்கொண்டேன், என் கைக்கு நன்றாக இருக்கிறது. சாயோ எந்தக் கையில் பென்சில் பிடித்தாலும் விட்டுவிடு. மாப்பிள்ளையை அதிகம் குடிக்க வேண்டாம் என்று சொல். நீங்கள் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு, கடையில் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். ஓபோன் பண்டிகைக்குள் பதில் போடு. எந்தக் கையால் எழுதினாலும் படிப்பேன்.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற அம்மா,
யோனே

எழுத விட்டுப்போனது. கையைக் கட்டச் சொன்ன என் மாமியாரை மன்னித்துவிட்டேன், செத்துப்போனவளோடு என்ன சண்டை. வாய் நீண்ட இவாசேயை மன்னித்துவிட்டேன். கத்தியை ஒளித்துவைத்த உன்னை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஒருத்தி மட்டும் பாக்கி, அவள் செய்தது எல்லாம் சரி, அதனால்தான் முடியவில்லை. உன் மாமியார், நிஷிவாகி மாசுயே.