எண்ணெய் படாத மணிக்கட்டு

தென்காசி,
23-6-85

அன்பு மகள் மங்களேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீங்கள் மூவரும் அப்படியே இருக்கிறீர்கள் என்று அடுத்த தபால் வந்து சொல்லட்டும். ஜபல்பூர் வெயிலில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாயோ என்று நினைத்துக்கொள்வேன். இங்கே பத்து நாளாகச் சாரல், துவைத்த துணி எதுவும் காயவில்லை. குழந்தையின் போட்டோ கிடைத்தது. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஆபீஸில் எல்லோருக்கும் காட்டி, ஒரு மூலையை மடக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தேன். வலது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது, நீ கவனித்தாயா? நம் வீட்டில் இன்னொருத்திக்கு அப்படி இருந்தது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. குற்றாலத்து எண்ணெய்ச் சிகிச்சை உன் முதுகு வலிக்கு ஆகுமா, அங்கே என்னதான் செய்வார்கள், வெட்கப்படும்படி ஏதும் உண்டா என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாய். யாரையாவது விசாரித்து எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடிதத்தின் அடியில், நான் அங்கே வந்தால் பிள்ளைக்கு நீயே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாயா, இல்லை என்னை விட்டதுபோல் ஆள் வைத்துத்தான் செய்வாயா என்று ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்தபிறகு நானே போய்ப் படுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் லீவு போட்டேன். தோள் வலி என்று எழுதிக் கொடுத்தேன், அது பொய்யும் இல்லை. வைத்தியசாலை ஐந்தருவி போகிற வழியில் தோப்புக்குள் இருக்கிறது. மலையாளத்து வைத்தியர், வயதானவர், நாடி பார்த்துவிட்டுப் பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டார். தூக்கத்தைப் பற்றி நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், போனால் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் மட்டும் தருவார்கள். பழைய புடவை இரண்டு கொண்டு போ, எண்ணெய்க் கறை போகாது. பெண்களுக்குப் பெண்கள்தான், நீ பயந்த மாதிரி ஒன்றும் இல்லை, இடுப்பில் ஒரு சின்னத் துணி கட்டிவிடுவார்கள், முதல் நாள் கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் அவர்களே நம்மைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துவிடும். ஒரே மரத்தில் குடைந்த நீளப் பலகை, சுற்றிலும் விளிம்பு கட்டி, வழிகிற எண்ணெய் ஒரு மூலையில் இறங்குகிற மாதிரி இருக்கும். பித்தளை உருளியில் எண்ணெய் சூடாகிக்கொண்டே இருக்கும், வெட்டிவேரும் வாசப்புல்லும் சந்தனமும் சேர்ந்து அறைக்குள் நுழையும்போதே தலை கிறங்கும். உச்சியில் தொடங்கிப் பாதம் வரை வருவார்கள், முதுகில் அழுத்தும்போது வலிக்கும், பொறுத்துக்கொள், அந்த வலி அன்று மாலையே போய்விடும். பிறகு மூலிகையைத் துணியில் முடிந்து சூடு காட்டி ஒத்தடம், பயற்றம்மாவு தேய்த்து வெந்நீர்க் குளியல், கஞ்சி. அன்று முழுக்க விசிறிக் காற்றுகூடப் படக்கூடாது. உடம்பை விட்டுக் கொடுத்துவிட்டு மனம் ஏதோ ஒரு பக்கமாகப் போய்விடும் என்று வைத்தியர் சொன்னார், சிலர் அழுவார்கள், சிலர் தூங்கிவிடுவார்கள், எதற்கும் வெட்கப்பட வேண்டாம் என்றார்.

எனக்கு வாய்த்தவள் மூக்கம்மாள், புளியறைப் பக்கம், என் வயது இருக்கும். வாய் ஓயாது. முதல் நாள் நான் படுத்துக் கிடந்த கோலத்தைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, காஞ்ச கருவாடு கணக்கா வெறைச்சுக்கிட்டுக் கெடக்கிய, நான் என்ன பொரிச்சா திங்கப் போறேன்" என்றாள். வலது கையை எடுத்து விரித்தால் அது திரும்ப மூடிக்கொள்கிறது, மறுபடி விரிக்கிறாள், மறுபடி மூடுகிறது. "இந்தக் கை மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, உள்ள என்னத்தத்தான் பிடிச்சு வச்சிருக்கிய" என்று சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல் அடைத்திருந்தும் அருவிச் சத்தம் சுவருக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஒருத்தி எக்கா என்று கூப்பிடுவதும் கேட்டது. இது எனக்குப் புதிதில்லை மங்களா, பதினெட்டு வருடமாகச் சாரல் விழத் தொடங்கினால் கேட்கும். நான் ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு இருப்பதை நீ சின்ன வயதில் கேலி செய்வாய். கையைச் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பதையும் கேலி செய்வாய். எவ்வளவு கழுவினாலும் வலது உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது போலவே இருக்கும்.

உன் நீலா சித்தி அருவியில் போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். எப்படி என்று யாரும் உனக்குச் சொன்னதில்லை, சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். அறுபத்தேழு ஆடி மாதம். உனக்கு நான்கு வயது, அப்பாவோடு கரையில் நின்றாய். அவளுக்குப் பத்தொன்பது. மண்டபத்தடியில் உட்கார வைத்து நான்தான் அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்தேன். "போதும்க்கா, என்னைப் பணியாரமா சுடப் போறியா" என்று நெளிந்தாள். சீயக்காய் போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று அவள் சொன்னாள். கூட்டம் சேர்வதற்குள் நனைந்துவிடலாம், அருவியே எண்ணெயை அடித்துக்கொண்டு போய்விடும், வா என்று கையைப் பிடித்து இழுத்துப் போனவள் நான். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், நானும் சொன்னேன். எண்ணெய் போகுமுன் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. மேலேயிருந்து சருகும் குச்சியும் வந்தன, போலீஸ்காரர் விசில் ஊதினார், பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள், அவளுக்குக் கால் வழுக்கியது. நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன் மங்களா. முழங்கைக்குக் கீழே பிடித்தது மணிக்கட்டுக்கு வந்தது, மணிக்கட்டிலிருந்து விரலுக்கு வந்தது, கடைசியாக அந்த வளைந்த சுண்டுவிரல் என் கைக்குள் இருந்தது. பிறகு எண்ணெய் மட்டும் இருந்தது. நான் எட்டுவதற்குள் அவள் போய்விட்டாள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவும் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார். அதன்பிறகு என் கையால் ஒரு பிள்ளையின் உடம்பில் எண்ணெய் வைக்க என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உனக்கு ஆள் வைத்துத் தேய்த்தது அதனால்தான், உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை.

மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். உடம்பு முழுக்க எண்ணெயில் மிதந்தாலும் என் இடது மணிக்கட்டு மட்டும் காய்ந்து கிடந்தது. மறதியாக விட்டிருப்பாள் என்று நினைத்து மூக்கம்மாளிடம் சொன்னேன். "மறக்கல டீச்சரம்மா, அங்கன வைக்க மாட்டோம். எண்ணெயோட எந்திரிக்கையில வழுக்குச்சுன்னா நான் பிடிக்கதுக்கு ஒரு எடம் வேணும்லா" என்றாள். யாருக்கும் அப்படித்தான் செய்வாளாம், வேலை பழகிய முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒரு விரற்கடை இடம் மங்களா. நான் தாவரவியல் படித்தவள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்கிறவள், அந்த ஒரு விரற்கடையைத் துண்டால் துடைக்க எனக்குத் தோன்றவில்லை. பலகையில் கிடந்தபடியே அழுதேன். மூக்கம்மாள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தன் மருமகளைப் பற்றி ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று ஏழாம் நாள். குளித்து முடித்துப் புடவை மாற்றியபிறகு, உன் கையைக் கொஞ்சம் கொடு, நான் எண்ணெய் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று மூக்கம்மாளிடம் கேட்டேன். "எனக்கா, என் காலத்துல எனக்கு ஆரு தேச்சுவிட்டா" என்று உடனே கையை நீட்டினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை தேய்த்தேன், மணிக்கட்டை விட்டுவிட்டேன். பிறகு முழங்கைக்குக் கீழே பிடித்து, இப்போது நீ பின்னால் இழு என்றேன். "இழுக்கேன், நல்லாப் பிடிச்சுக்கோங்க, நான் என்ன தண்ணிக்குள்ளயா போயிரப் போறேன்" என்று சிரித்துக்கொண்டு இழுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் கை வழுக்கியது, அதே மாதிரி, அதே வேகத்தில் கீழே வந்தது, எனக்குக் காதில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. மணிக்கட்டில் வந்து நின்றது. அவள் இன்னும் பலமாக இழுத்தாள், அப்படியும் நின்றது. விடுங்க டீச்சரம்மா வலிக்குது என்று அவள் இரண்டு தடவை சொன்னபிறகுதான் விட்டேன்.

சரியாகிவிட்டேன் என்று நான் எழுதவில்லை. இன்று காலையிலும் சாரலில் நீலா கூப்பிட்டாள். ஆனால் உன் பிள்ளைக்கு நானே எண்ணெய் தேய்ப்பேன், இடது மணிக்கட்டை விட்டுவிட்டுத் தேய்ப்பேன். அருவிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. இதை மாப்பிள்ளைக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அப்பாவுக்கு நீ வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் இறங்கியதும் கொல்லம் மெயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து வாங்கச் சொல், முதுகோடு மேலே ஏறாதே. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், ரயிலில் ஜன்னல் பக்கம் வைக்காதே. வைத்தியசாலையில் தருகிற கஷாயம் கசக்கும், குடித்துத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் படித்தபிறகும் உன் பிள்ளையை என் கையில் தர உனக்கு மனம் இருந்தால், நீண்ட பதில் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். வருகிற தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், பிள்ளையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தபாலை எதிர்பார்த்திருக்கும்
உன் அம்மா,
பாலாம்பாள்