நான் ஒட்டிய சம்பளப் பட்டியல்

ஜனவரி 14, செவ்வாய்

ஐவி ஒருவழியாகத் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். ஏழு மாதக் குழந்தைகள் எல்லாம் இப்படித்தான் மூச்சை இழுத்து நிறுத்துமா?

இன்று ஊர் அலுவலகத்திலும் தபால் நிலையத்திலும் மளிகைக் கடையிலும் எங்கள் பட்டியலை ஒட்டினேன். ஊரின் துறைத் தலைவர்கள் ஐந்து பேருக்கும் எது நியாயமான சம்பளம் என்று சொல்லும் பட்டியல். சம்பளக் குழுவில் மூன்று பேர். புள்ளியியல் படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் வேலை முழுக்க என் தலையில். எங்கள் அளவுள்ள ஆறு ஊர்களுக்கு எழுதிக் கேட்டு, அந்த ஊர்ச் சம்பளங்களையும் பட்டியலில் போட்டு ஒப்பிட்டேன். நூலகர் ஜாய்ஸ் வாங்குவது முப்பத்தெட்டாயிரம் டாலர், நியாயப்படி நாற்பத்தாறாயிரம். சாலைத் தலைவர் ரோலண்ட் தீபோ வாங்குவது எழுபத்தெட்டாயிரம். மற்ற ஊர்களில் அறுபத்தெட்டுதான். ரோலண்டுக்கு இரண்டு வருடம் உயர்வு வேண்டாம், அந்த மிச்சத்தை ஜாய்ஸுக்குக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன்.

ரோலண்ட் என் கணவன் கேலபின் மேலதிகாரி. நான் குழுவில் இருக்கலாமா என்று அப்போதே கேட்டேன். "யாருக்கும் சொந்தமில்லாத ஆள் வேணும்னா நியூயார்க்ல இருந்துதான் கூட்டிட்டு வரணும்" என்று சிரித்தார்கள்.

மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம். கை தூக்கி முடிவு செய்வார்கள். அதுவரை எப்படித் தூங்குவேன்?

ஜனவரி 17

மளிகைக் கடையில் பட்டியல் முன்னால் கூட்டம். "பனி உருக ரோட்டுக்கு உப்பு தூவ எழுபத்தெட்டாயிரமா? தங்கத்தையா தூவுறாரு?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ரோலண்ட் பின்னால்தான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பையின் மூடியை அழுத்தினார். எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ஜனவரி 23

நல்ல பனி. காலையில் பார்த்தால் எங்கள் வண்டிப் பாதையின் வாயில் இடுப்பளவு பனிச்சுவர், பனித்தள்ளி வண்டி ரோட்டிலிருந்து ஒதுக்கிவிட்டுப் போனது. ரோலண்ட் பழிவாங்குகிறார்! ஐவிக்கு மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? கேலப் வந்ததும் கத்தினேன். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "இந்த ரோடு என் ரூட்டு, மெர். தள்ளினது நான்தான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவனே சொன்னான் — சாலைத் துறைப் பட்டறையில் காலைக் காப்பிக்கு இப்போது யாரும் அவன் பக்கத்தில் உட்காருவதில்லையாம்.

ஜனவரி 30

பகல் பதினொன்றுக்கு ரோலண்டின் லாரி வாசலில் வந்து நின்றது. ஐவியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். அவள் சத்தம் போடாமலிருக்க என் விரலைச் சப்பக் கொடுத்தேன். வெளியே இரும்பு இடிக்கிற சத்தம். பத்து நிமிடம்.

போன பிறகு எட்டிப் பார்த்தேன். பனித்தள்ளி இடித்துச் சாய்ந்திருந்த எங்கள் தபால் பெட்டியை நிமிர்த்தி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 6

பக்கத்து ஊர் எழுத்தர் போன் செய்தாள். "நான் குடுத்தது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். பனி ராத்திரி வேலைக்குத் தனியா குடுக்கிறோம். உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரிந்திருக்கவில்லை. ரோலண்டின் எண்ணை நான் எடுத்தது எங்கள் ஊர் ஆண்டறிக்கையிலிருந்து. அதில் அச்சடிப்பது வருடம் முழுக்கக் கைக்குப் போன பணம், பனி இரவுகளும் சேர்த்து. மற்ற ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு பேரும் கொடுத்தது அடிப்படைதான்.

பனி இரவுகளைக் கழித்தால் ரோலண்டுக்கு அறுபத்துநாலாயிரம். அவர் கூடுதலாக வாங்கவில்லை, குறைவாக வாங்குகிறார். அந்த மனிதரைப் பார்த்துக் கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 7

சொல்லவில்லை.

பிப்ரவரி 11

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலே போய்விடும், ஜாய்ஸின் உயர்வும் சேர்ந்து. ஐவி பிறந்த புதிதில் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்த என்னை நூலகக் கணப்படுப்பு பக்கத்தில் உட்காரவைத்து, குழந்தையை வாங்கிக்கொண்டவள் ஜாய்ஸ். இன்று காதோடு சொன்னாள்: "சம்பளம் கூடினதும் பல்லைக் கட்டிக்கப் போறேன், மெர். பல வருஷமா இந்தப் பக்கம் மெல்றதே இல்ல."

பிப்ரவரி 20

ரோலண்ட் விலகல் கடிதம் எழுதிவிட்டாராம். கூட்டம் முடிந்ததும் கொடுப்பாராம். இத்தனை வருடம் ஊரை ஏமாற்றியிருக்கிறேன் போல என்றாராம். பட்டியலில் ஏதாவது தப்பு இருக்கும் என்று கேலப் சொன்னதற்கு, "உன் பொண்டாட்டி படிச்ச பொண்ணு. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாராம்.

குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சத்தத்தில் நின்றேன். பிறகு கேலபிடம் எல்லாம் சொன்னேன். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றான்.

மார்ச் 3

நாளை. ஊர்க்கூட்டம். கேலபின் வேலை போனால் வீட்டுக் கடன்? இந்த ஊரில் இருக்க விடுவார்களா? நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது — ரோலண்டுக்கே தெரியாதே!

மார்ச் 4

பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். ஐவியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். எப்படி என்றும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப மத்த எண்ணெல்லாம்?" மற்றவை சரி என்றேன். இனி யார் நம்புவார்கள்? பட்டியல் முழுவதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கக் கை தூக்கினார்கள். எல்லாத் துறையிலும் பழைய சம்பளமே.

கூட்டத்து மதியச் சாப்பாட்டில் ரோலண்ட் ஒரு தட்டு பீன்ஸைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "சாப்பிடும்மா. பால் குடுக்கிறவ" என்றார். கடிதம் பட்டறை அடுப்புக்குள் போய்விட்டது என்று கேலப் சொன்னான்.

ஜாய்ஸ் எல்லோருக்கும் செய்து கொண்டுவந்த ஆப்பிள் பலகாரத்தை வெட்டாமலே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு மாதமாக நான் தவறான ஆளை நினைத்துப் பயந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

ஜாய்ஸ் வேறு ஊர் நூலகத்துக்குப் போகிறாள். நாற்பத்தேழாயிரம். என் பட்டியலில் மூன்றாவதாக இருந்த ஊர். "அதுலதான் பார்த்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஐவிக்கு ஒரு நூலக அட்டை எழுதி, தேதி முத்திரை குத்தி, என் கையில் கொடுத்தாள். விடைபெற நான் முத்தமிடப் போனபோது கன்னத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மே 19

ஆறு வாரமாக நூலகம் பூட்டிக் கிடக்கிறது. முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இன்று தபால் நிலையப் பலகையில், என் பட்டியல் ஒட்டியிருந்த அதே இடத்தில், புது அறிவிப்பு.

நூலகர் தேவை. சம்பளம் நாற்பத்தாறாயிரம்.