நடுவில் விழுந்த கமா

6-7-64, திங்கள்
எழுந்ததும் முதல் வேலை, சாரலில் நனைந்த கணக்கு நோட்டைத் துண்டால் ஒற்றி எடுத்தது. ஒரு பக்கம்தான் மை கலைந்திருந்தது. அப்புறம்தான் பால். மாட்டுங்கா முழுக்க மழை.

நோட்டில் இருப்பது: ஓர் எண், ஒட்டினாற்போல் அடுத்த எண். 183, 184. சேர்த்தால் 183184. அது 428-இன் வர்க்கம். மூன்று இலக்கத்தில் இப்படி நான்கே: 183, 328, 528, 715. ஐந்தாவது கிடையாது என்று நிரூபித்தாகிவிட்டது (1001 = 7 × 11 × 13). நான்கு இலக்கத்தில் ஒன்றே ஒன்று, 6099. சமையலுக்கும் துணிக்கும் நடுவில் மூன்று மாதம்.

கெரசின் தீர்ந்தது. பூசணி, தனியா வாங்க.

கணிதப் பத்திரிகைக்குப் போன என் கட்டுரைக்கு இன்னும் பதில் இல்லை. அவர் ஆபீஸ் டைப்பிஸ்ட் அடித்து, அங்கிருந்தே தபாலில் போட்டது. அடித்த பிரதியை நான் பார்க்கவில்லை.

8-7-64, புதன்
கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இலக்கங்களில் எந்த ஒழுங்கும் தெரியவில்லையாம்.

எப்படித் தெரியும்? 1,83,184. 3,28,329. லட்சத்துக்கு ஒரு கமா, ஆயிரத்துக்கு ஒரு கமா. பில் அடித்துப் பழகிய கை. 183 எங்கே முடிகிறது என்று எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயர் என்னுடையது இல்லை. அவர் பெயர்.

9-7-64, வியாழன்
ஷேவ் செய்துகொண்டிருந்தார். கேட்டேன்.

"ஆத்துல இருக்கறவ எழுதினதுன்னா படிக்காமலே திருப்பிடுவான்னு தோணித்து."

"படிச்சுட்டுத்தானே திருப்பியிருக்கா? ஏன்னா, உங்க டைப்பிஸ்ட் யாரைக் கேட்டுக் கமா போட்டார்?"

"ஆறு இலக்கத்துக்குக் கமா போடாம எப்படிடீ? சரி, எடுத்துட்டு மறுபடி அடிக்கச் சொல்றேன். பேர் இருக்கட்டும்."

கோபமே இல்லை அவரிடம். நல்லதுதான் செய்ததாக நினைப்பு. பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். திங்களன்று அடித்து அனுப்பிவிடுவாராம்.

புளி கேட்க வந்த எதிர்வீட்டு லலிதா நோட்டை எட்டிப் பார்த்தாள். "மாமி, மட்கா நம்பரா? எனக்கும் ஒண்ணு சொல்லுங்கோளேன்." சூதாட்ட நம்பர் என்று நினைத்துவிட்டாள். சிரித்தேன். புளி கொடுத்தேன்.

10-7-64, வெள்ளி
மழை விட்டிருக்கிறது. தலைவலி.

முழுவதையும் கையால் எழுதி முடித்தேன். பதினோரு பக்கம். கமா கிடையாது. கீழே பட்டச் சான்றிதழில் உள்ளபடி என் பெயர், பி.ஏ. கூடவே ஒரு வரி: முன்பு வேறொருவர் பெயரில் வந்ததும் நான் எழுதியதே.

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.

நாளை அவர் ரயிலேறியதும் தபாலாபீஸ். ரிஜிஸ்டர் தபால்.