அலை எடுத்துச் செல்லும்

ஏனுங்க,

கடிதத்திலும் இப்படித்தான் கூப்பிட வருகிறது.

உங்கள் சாயப்பட்டறைச் சங்கம் அச்சடித்த தாளைக் காலையில் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். சாயக்கழிவைக் குழாய் போட்டுக் கடலில் விட அனுமதி கேட்டிருக்கிறீர்கள். அதற்குச் சாட்சி நான்! “அலை எடுத்துச் செல்லும்” என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே என் பெயர். அந்தத் தாளைத் தொட்ட கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அருவருப்பு போகவில்லை.

என் ஆய்வேட்டில் இருப்பது இது: “அலை ஆற்றலை எடுத்துச் செல்லும், நீரைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.” இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இருபத்தைந்து வருடம் படகில் வாந்தியெடுத்தேன், மிதவைக் கருவிகளோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் பனியனில் பிசிறு வெட்டுவதுபோல வெட்டிவிட்டீர்கள். போனில் கேட்டால், “ஒரு வார்த்தையத்தான எடுத்தேன், அதுக்குப் போயி இத்தன கோவமா அம்மிணி?” என்கிறீர்கள்.

நம் நல்லூர் வீட்டுக்கு யார் வந்தாலும், “எங்கூட்டுக்காரி அலை எண்ணப் போயிருக்கறாளுங்க” என்று சொல்லிச் சிரித்தவர் நீங்கள். மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட உங்களுக்கு மனம் வரவில்லை. இந்தத் தாளில் போட்டிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் வருவேன். அந்த வரியை முழுதாக நானே வாசிப்பேன். உங்கள் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட வேண்டாம்.

வீட்டுச் சாவியை அந்தத் தாளின்மேல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அலை எண்ணுகிறவள்