நீலமாகத் திரும்பிய கம்பளம்

மார்ச் 4

இன்று ஒன்பது கம்பளங்கள் அலசினேன். ஏழு, மடிப்பு அண்ணன் அனுப்பியவை. சட்டை மடிப்புக் கலையாமல் மூன்று டிரைகிளீனிங் கடைகளை நடத்துகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? வாடிக்கையாளர்களிடம் வாங்குவது அவர் கடைகளில், துவைப்பது என் கொட்டகையில். சாம்பல் நிறத்தில் வந்த ஒன்று, மூன்றாவது தண்ணீரில் நீலமாகிவிட்டது. அப்பப்பா, என்ன அழுக்கு! எனக்கு ஒரே குஷி.

மார்ச் 7

தலையில் இடி. நீலக் கம்பளம் திரும்பி வந்துவிட்டது. "எங்களோடது சாம்பல் கலர். யாரோடதையோ எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று கம்பளத்துக்குச் சொந்தக்கார அம்மா கடை அதிரக் கத்தினாராம். கணவர் பக்கத்தில் பேசாமல் நின்றாராம்.

மடிப்பு அண்ணன் போனில், "மாத்தி அனுப்பிட்டியாம்மா? உண்மையைச் சொல்லிடு" என்கிறார்.

அடையாள எண் தைக்காமல் ஒரு கம்பளத்தையாவது தொட்டியில் இறக்கியிருக்கிறேனா நான்? "தைக்கும்போதே மாறியிருக்கலாமில்ல?" என்று கேட்டாரே! நாலு வருஷம். இவ்வளவுதானா எம்மேல இருக்கற நம்பிக்கை?

மார்ச் 8

மடிப்பு அண்ணனின் வண்டி வரவில்லை.

மார்ச் 9

இன்றும் இல்லை. "வேற கடைங்களைப் பாக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். சொல்வதற்கென்ன. மடிப்பு அண்ணனே விலகினார் என்று தெரிந்தால் மற்றக் கடைக்காரர்கள் மட்டும் கம்பளம் கொடுப்பார்களா? கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். அரைகுறையாகத் துவைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. நல்லா வெளுத்தது ஒரு குத்தமா?

மார்ச் 11

அந்தம்மாவின் கணவர் கொட்டகைக்கே வந்துவிட்டார், மடிப்பு அண்ணனையும் கூட்டிக்கொண்டு. கம்பளத்தை விரிப்பதற்கு முன்பே, "ஒரு மூலையில, குஞ்சத்துக்கிட்ட ஓட்டை இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது. பூச்சி அரித்தது என்று நினைத்திருந்தேன்.

சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்த வாரத்தில் விழுந்த நெருப்பாம்! பதினோரு வருஷமாக சோபாக் காலடியில் மறைத்து வைத்திருக்கிறார். துவைக்கப் போடும்போதும் தானே சுருட்டினாராம்.

"எங்களோடதுதாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். அவ பக்கத்துல நின்னா, பயம்."

"இப்ப மட்டும்?" என்றேன். எனக்குக் கோபம் தீரவில்லை.

"நேத்து சொல்லிட்டேன். எங்கூடப் பேச மாட்டேங்கறா. ஆனா கம்பளத்தை வாங்கிட்டு வரச் சொல்லிட்டா."

சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றில் பாலை வார்த்தார் மனுஷன்! மடிப்பு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே வண்டி ஏறினார்.

மார்ச் 12

வண்டி வந்தது. ஆறு கம்பளங்கள். அப்பாடா.

மார்ச் 14

மாலையில் மடிப்பு அண்ணன் தனியாக வந்தார். தோளில் ஒரே ஒரு கம்பளம்.

"எந்தக் கடையோடது அண்ணே?" என்றபடி எண் தைக்க ஊசியை எடுத்தேன்.

"கடையோடது இல்லம்மா. எங்க வீட்டு ஹால்ல கிடக்கறது. இதை யாருகிட்டயும் குடுத்ததில்ல, நானேதான் அலசுவேன். இனிமே நீ பாத்துக்க."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அதற்கும் ஒரு எண் தைத்தேன்.